திங்கள் சுத்தம், வியாழன் அழுக்கு

அத்தியாயம் 6

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சுவரைக் குறுக்கு விசாரணை செய்யச் சம்பளம் வாங்குவேன் என்று, நான் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளை நடுவழியிலேயே இறக்கிவிட்டிருப்பேன். இதோ நிற்கிறேன். எதிரே சுவர். பக்கத்தில் பெத்ரோனேலே மேடம். மேடத்தின் கையில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு கதிர்வீச்சு மானி. அது சுவரைக் கண்டதும் டிக்டிக்டிக் என்று கத்த ஆரம்பித்தது.

"கேக்குதா ரமோயுஸ்?"

"கேக்குது மேடம். வாக்குமூலம் குடுக்குதா, வக்கீலைக் கூப்பிடுதான்னுதான் புரியல."

"வாயை மூடிட்டு எண்ணுப்பா."

எண்ணினேன். எங்கள் கூட்டணியில் மூளை அவர், நான் கை, கால், வாய். மேடம் முப்பது வருஷம் அரசாங்கக் கதிர்வீச்சு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே சலிப்புத் தட்டித் துப்பறியக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊர் பெர்ஜினாயில் அணுமின் நிலையத்தை மூடிப் பதினைந்து வருஷமாகிறது. மூடுவது ஒரு நாள் வேலை, பிரிப்பது ஒரு தலைமுறை வேலை. ஒவ்வொரு கட்டடத்திலும் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் மீட்டருக்கு மீட்டர் பென்சிலால் சதுரம் போட்டு, ஒவ்வொரு சதுரத்திலும் மானியை வைத்து, "இங்கே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கட்டடத்துக்கு விடுதலை. அதற்கப்புறம் இடிக்கலாம், விற்கலாம், அந்தக் கல்லில் மாட்டுக்கொட்டகை கட்டலாம்.

நாங்கள் நின்ற இடம் சலவைக் கட்டடம். நிலையத்து ஊழியர்களின் உடுப்புகளை வெளுத்த இடம். அதற்கு விடுதலைக் கையெழுத்துப் போட்டவள் ஸ்கைஸ்தே, வயது முப்பத்திரண்டு. ஐந்து மாதத்தில் பதினோராயிரத்து நானூற்றுப் பதினாறு சதுரங்களை அளந்து, எல்லா எண்ணையும் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அப்படிப்பட்டவள் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. 117ஆம் அறையின் தெற்குச் சுவரை அவள் அளக்கவே இல்லையாம். வீட்டில் உட்கார்ந்து மனசுக்குத் தோன்றிய எண்களை எழுதினாளாம். விடுவிப்புக் குழு போன வாரம் வியாழக்கிழமை ஆளனுப்பி மறுபடி அளந்தது. அவள் மூன்று என்று எழுதிய இடத்தில் முப்பது காட்டியது.

அன்றைக்கே அவளுடைய நுழைவு அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. அதில் உரிமம் ரத்து என்று முடிவானால் ஆயுளுக்கும் ரத்து. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் ஒரு நிபுணரை வைத்துச் சோதிக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"முப்பது காட்டுது மேடம். நம்ம பொண்ணு மாட்டினா."

"அவசரப்படாதே."

மேடம் பிஸ்கட் அளவு வட்டத் துணி ஒன்றை எடுத்துச் சுவரை அழுத்தித் துடைத்தார். துணியை மானிக்கு அடியில் வைத்தார். நிமிஷத்துக்கு எண்பத்து நாலு டிக்.

"மணி என்ன?"

"பதினொண்ணு இருபது."

"எழுதிக்கோ. சாப்பிடப் போலாம்."

"கேஸு?"

"கேஸும் நம்ம கூடத்தான் சாப்பிட வருது."

வாசலில் நின்ற சாவிக்காரர் ஜெனோனாஸ் அவசரமாக வழிவிட்டார். வயது அறுபத்தாறு. மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும். காலையிலிருந்து நாங்கள் எந்தக் கதவருகே போனாலும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "தேத்தண்ணி கொண்டாரட்டுமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு தேநீர் குடித்தாகிவிட்டது. இன்னொரு கதவருகே போனால் என் வயிறு தாங்காது.

துணியை வளாகத்துக்கு வெளியே எடுத்துப் போகக்கூடாது. அதனால் வாசல் பரிசோதனை மேசையில், கண்ணாடிக் கூண்டுக்குள், மானியோடு அதை விட்டோம். சாப்பாட்டுக் கடை அந்த வாசலுக்கு நேர் வெளியே இருந்தது. ஸ்கைஸ்தே அங்கே உட்கார்ந்திருந்தாள். எதிரில் பீட்ரூட் போட்ட ரோஸ் நிறக் குளிர்ந்த சூப். ஜூலை மாத வெயிலுக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை. அவள் கரண்டியைத் தொடவே இல்லை.

"சாப்பிடும்மா. சூப்புக்கு என்ன கோபம்?" என்றேன்.

"எறங்கல அண்ணே." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "வேலை போனா போகட்டும் மேடம். நான் உருளைக்கிழங்கு தோண்டியாவது பொழச்சுக்குவேன். ஆனா ஒரு எண்ணு பொய்ன்னா எல்லாமே பொய்னுதானே எழுதுவாங்க? பதினோராயிரத்து நானூத்திப் பதினாறு தடவை முட்டி போட்டு, ஏணி ஏறி அளந்திருக்கேன். ஒண்ணு கூட நான் சும்மா எழுதல."

மேடம் சுடச்சுட உருளைக்கிழங்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "ரமோயுஸ், போய் எண்ணிட்டு வா" என்றார்.

போனேன். எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினேன்.

"மேடம், நாப்பதுதான் காட்டுது. மானி ரிப்பேர்."

"மானி நல்லாத்தான் இருக்கு. சூப்பைக் குடிச்சிட்டு மறுபடி போ."

அரை மணி கழித்துப் போனால் பத்தொன்பது. சூப்புக்கும் துணிக்கும் நடுவே ஓடி ஓடி, உள்ளே போனதெல்லாம் எனக்குச் செரித்துவிட்டது. நான் பத்தொன்பது என்று சொன்னதும் ஸ்கைஸ்தே எழுந்து நின்றேவிட்டாள்.

"ரேடான்!"

"யாரது, வெளியூர்க்காரனா?" என்றேன்.

"மண்ணுக்குள்ளேருந்து கசியற வாயு அண்ணே. எல்லா ஊர் மண்ணுலயும் இருக்கு. அதோட தூசி சுவத்துல ஒட்டும், ஆனா ரெண்டு மூணு மணி நேரத்துல தானா செத்துப்போயிடும். அணு உலை அழுக்குன்னா அடுத்த வருஷம் வந்து எண்ணினாலும் கிட்டத்தட்ட அதே எம்பத்தி நாலுதான் இருக்கும்."

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள காணாமப் போற அழுக்கு, உலையோட அழுக்கே இல்ல" என்றார் மேடம். "அதைக் கண்டுபிடிக்க எனக்கு மானி கூட வேண்டாம். ஒரு சூப் போதும்."

ஸ்கைஸ்தேயின் முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "ஒத்துக்க மாட்டாங்க மேடம். நானே முதல்ல ரேடானான்னு யோசிச்சேன். அந்தத் தரை ஒன்றரை மீட்டர் கான்கிரீட். வரைபடத்துல ஒரு ஊசி ஓட்டை கூட இல்ல. மண்வாயு உள்ள வர வழியே இல்லைன்னு குழுத் தலைவர் ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. அப்புறம், நான் அளந்தப்ப ஏன் வரலைன்னு கேப்பாங்க."

"நீ எப்ப அளந்தே?"

"ஒரு திங்கக்கிழமை காலைல. மனசு கேக்காம அடுத்த திங்களும் போய் அளந்தேன். ரெண்டு தடவையும் மூணுதான். அவங்க அளந்தது வியாழன்."

என் வாய் சும்மா இருக்குமா? "திங்கக்கிழமை சுத்தம், வியாழக்கிழமை அழுக்கு. என் சட்டையும் இதே கேஸ்தான் மேடம்."

மேடத்தின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"உன் சட்டை ஏன் திங்கக்கிழமை சுத்தமா இருக்கு?"

"என்ன மேடம் இது? சனிக்கிழமை குளியல்ல. குளிச்சிட்டு மாத்துவேன்."

"எங்க குளிப்பே?"

"ஊருல எல்லாரும் எங்க குளிக்கறாங்களோ அங்கதான். நீராவி அறைல. ஆவியில வெந்து, பிர்ச் தழையால முதுகுல நாலு சாத்து சாத்திக்கிட்டா, அந்த வாரத்துப் பாவமெல்லாம்..."

நான் சொல்லி முடிப்பதற்குள் மேடம் கைகாட்டி நிறுத்தினார். எங்கள் நாட்டில் சனிக்கிழமை நீராவிக் குளியல் போடாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் பெண் வரமாட்டாள். இது குழந்தைக்குக் கூடத் தெரியும். அதில் மேடத்துக்கு என்ன சந்தேகம் என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கைஸ்தே, உன் நோட்டுப் புத்தகத்தை எடு. கட்டடத்தோட கெழக்குச் சுவரு, வெளிப்பக்கம் எத்தனை சதுரம் நீளம்?"

"இருபத்தேழு."

"அதே சுவரை ஒட்டி உள்ள எத்தனை அறை?"

"நாலு. 115, 116, 117, அப்புறம் பம்பு அறை 118."

"ரமோயுஸ், கூட்டு."

காகிதத் துடைப்பானில் கூட்டினேன். ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. இருபத்து மூன்று வந்தது. நடுச்சுவர்களுக்கு ஒன்று போட்டாலும் இருபத்து நாலுதான்.

"மூணு மீட்டரைக் காணோம் மேடம்!"

ஸ்கைஸ்தே காகிதத்தையே பார்த்தாள். "படிவத்துல வரைபடத்து அறைங்க மட்டும்தான் அச்சடிச்சிருக்கும். ஒவ்வொரு அறையா அளந்து எழுதினேன். ஒண்ணாச் சேத்துக் கூட்டிப் பாக்கவே இல்ல."

"வரைபடம் போட்டவன் கூட்டிப் பாக்கலையே, நீ என்ன பண்ணுவே? இங்கேயே பெஞ்சுல உக்காந்திரு" என்று மேடம் எழுந்தார். "இப்பவாச்சும் சூப்பைக் குடி."

பம்பு அறையில் பம்பு இல்லை. ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரியும் அதில் பெயிண்ட் டப்பாக்களும் இருந்தன. ஜெனோனாஸ் எங்களுக்கு முன்பே ஓடிப்போய் அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"தேத்தண்ணி..."

"வேண்டாம் ஐயா" என்றேன். "கொஞ்சம் நகருங்க."

"பெயிண்ட் ஒட்டிக்கும் தம்பி."

மேடம் ஒரு டப்பாவைச் சுண்டினார். காலி டப்பா. அடுத்ததும் காலி. டப்பாக்களின் மேல் விரல் கனம் தூசி இருந்தது. ஆனால் அலமாரியின் வலது ஓரம் மட்டும் நாள்தோறும் துடைத்த கதவுப்பிடி மாதிரி பளபளத்தது. நான் குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்தேன். பிர்ச் இலை.

"ஜன்னலே இல்லாத அறைக்கு இது நடந்தா வந்துச்சு?" என்று கேட்டேன்.

ஜெனோனாஸ் மீசையைத் தடவினார். பெருமூச்சு விட்டார். பிறகு, நீதிமன்றத்தில் சரணடைகிற தோரணையில் விலகி நின்றார். வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அலமாரி சக்கரத்தில் சத்தமே இல்லாமல் உருண்டது. பின்னால் ஒரு மரக்கதவு.

மேடம் என் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். முதலில் மானி உள்ளே போனது, பிறகு மேடம், கடைசியாக நான். விளக்கைப் போட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுற்றிலும் வழுவழுப்பான பைன் பலகை. படிப்படியாக இரண்டு பெஞ்சு. மூலையில் மின் அடுப்பு, அதன்மேல் கூழாங்கற்கள். மர வாளி, மரக் கரண்டி, ஒரு கட்டு பிர்ச் தழை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்று கேள்விப்பட்டிருக்கிறேன். அணுமின் நிலையத்துக்குள் ஒரு நீராவிக் குளியலறையை மறைத்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

"எப்பக் கட்டினது?" என்று கேட்டார் மேடம்.

"எண்பத்தேழுல மேடம்." மாட்டிக்கொண்ட மனுஷர் குரலில் பயத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது. "அப்பல்லாம் நீராவிக் குழாய் இந்தப் பக்கமாத்தான் போகும். சும்மா போற ஆவிதானே? மூணு குளிர்காலம் நாங்க ஏழு பேர் மாறி மாறி வேலை பாத்தோம்."

"தண்ணி போறதுக்கு?"

அவர் பெஞ்சுக்கு அடியைக் காட்டினார். தரையில் கை நுழைகிற அகலத்தில் ஒரு ஓட்டை. "ஒன்றரை மீட்டர் கான்கிரீட்! நேரா மண்ணுக்குப் போகுது. துளைக்கறதுக்கு எட்டு மாசம் ஆச்சு."

மேடம் அந்த ஓட்டைக்கு மேல் மானியைப் பிடித்தார். அது சந்தோஷமாகக் கத்தியது.

"வாரம் பூரா மண்ணு மூச்சு விட்டு, இந்த அறைல நெறஞ்சு, சுவத்து வெடிப்பு வழியா 117க்குள்ள போகுது. சரி, சனிக்கிழமை?"

"சாயங்காலம் தெறப்போம். குளிச்சப்புறம் பலகை காயணும்ல மேடம்? இல்லேன்னா பூஞ்சை பிடிச்சிரும். அதனால கூரைல இருக்கற காத்துவழியத் தெறந்து வெச்சிட்டுப் போவேன். திங்க மத்தியானம் வந்து மூடுவேன்."

"திங்க காலைல ஸ்கைஸ்தே அளக்கும்போது அறை பூரா நல்ல காத்து. வியாழக்கிழமை அவங்க அளக்கும்போது பூரா மண்வாயு. ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருக்காங்க." மேடம் நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு பேர்ல கடுதாசி எழுதினது யாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். எனக்கு என் பேரை எழுதவே கால் மணி ஆகும்."

"கூடக் குளிக்கறவங்க யாரு?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதை மட்டும் கேக்காதீங்க. இந்தக் கதவுக்கு உள்ள துணியும் கெடையாது, பதவியும் கெடையாது. உள்ள வந்தவன் பேரை வெளிய சொன்னா நான் மனுஷனே இல்ல."

மேடம் வற்புறுத்தவில்லை. அவர் பார்வை சுவரில் இருந்தது. ஆணிகளில் ஐந்து கம்பளித் தொப்பிகள் தொங்கின. ஆவியில் தலை சுடாமலிருக்கப் போட்டுக்கொள்வோமே, அந்தத் தொப்பி. ஒன்றை ஜெனோனாஸ் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். மிச்சம் நாலு. சாம்பல் நிறத்தில் ஒன்று, மணி வடிவத்தில் ஒன்று, கொம்பு வைத்தது ஒன்று. நாலாவதில் முழ நீளத்துக்கு இரண்டு முயல் காதுகள் தைத்திருந்தன.

மேடம் நாலையும் மானியில் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"ஜெனோனாஸ், ஒரு மஞ்சள் பீப்பாய் வேணும். தகரம் வெட்டற பெரிய கத்திரி இருக்கா?"

"இருக்கு மேடம். எதுக்கு?"

"தலையை வெட்டறதுக்கு இல்ல. பயப்படாதீங்க."

நாலு மணிக்குச் சலவைக் கட்டடத்தின் முன்கூடத்தில் குழு கூடியது. ஐந்து பேர். நடுவில் தலைவர் வில்காவுதாஸ். ஆறடி உயரம், கழுத்தை இறுக்கிய டை, குரலிடம் தேவாலயத்து ஆர்கன் வாத்தியம் தோற்றுவிடும். வலது ஓரத்தில் தலைநகரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் வாசலுக்கு அப்பால் பெஞ்சில் ஸ்கைஸ்தே தெரிந்தாள்.

மேடம் நின்றபடியே பேசினார். துணி, சூப், ரேடான், காணாமல்போன மூன்று மீட்டர். ஐந்தே நிமிஷம். மறைந்த அறை என்ற இடம் வந்ததும் தலைவரும், தலைநகர் அம்மாளைத் தவிர மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் நான் பார்த்தவரை ஒன்றுமில்லை.

"சுவாரசியமான கதை" என்றார் தலைவர். "ஆனா காத்து, வாயு, சனிக்கிழமைன்னு ஏதேதோ சொல்றீங்க. அந்த அறைல என்ன இருந்துதுங்கறது இங்க சம்பந்தமே இல்ல. நாம உரிமத்தை ரத்து பண்ற தீர்மானத்துக்கு..."

"கண்டிப்பா வரலாம் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பாக்கி." மேடம் எனக்குக் கண்காட்டினார். நான் மஞ்சள் பீப்பாயை உருட்டி வந்து நிறுத்தினேன். மேசைமேல் ஒளிபுகும் பைகளில் நாலு தொப்பிகளை வரிசையாக வைத்தேன். முயல் காது ஒன்று பைக்குள் மடங்கிக் கிடந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"பதிவே இல்லாத அறைல கெடச்ச பொருள். அளந்து சான்று குடுக்காத வரைக்கும் விதிப்படி இது கழிவு. துண்டு துண்டா வெட்டி, பீப்பாயில அடைச்சு, சிமென்ட் ஊத்தணும். அதை உங்க முன்னாலயே முடிச்சிடலாம்னு பாக்கறேன். ஜெனோனாஸ், கத்திரி."

ஜெனோனாஸ் கத்திரியை எடுத்தார். முதல் பையைத் திறந்து முயல் காதைக் கத்திரியின் வாய்க்குள் வைத்தார்.

"நிறுத்து!"

ஆர்கன் ஒரே கட்டையில் அலறியது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"இல்ல... நல்ல கம்பளியாத் தெரியுது. வீணாக்கணுமான்னுதான்."

"தலைவருக்குக் கம்பளி மேல இவ்வளவு அக்கறையா? சந்தோஷம். வெட்டுங்க ஜெனோனாஸ்."

"அது என் பொண்ணு தெச்சதுய்யா!" தலைவர் எழுந்தேவிட்டார். "என் அம்பதாவது பொறந்த நாளுக்கு! ரெண்டு காதையும் அவளே கையால தெச்சா!"

தலைநகர் அம்மாளின் பேனா நின்றது. இரண்டாவது உறுப்பினர் மெல்லக் கையைத் தூக்கி, "அந்தக் கொம்பு வெச்சது என்னுது" என்றார். மூன்றாவது ஆள், "மணி..." என்று முனகினார். நாலாமவர் சாம்பல் தொப்பியைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். நான் பையின் மேல் விரலை வைத்தேன். விதி என்றால் விதி.

"வெட்டாம இருக்க வழியே இல்லையா மேடம்?" என்று தலைவர் கேட்டார். டை தளர்ந்திருந்தது.

"தாராளமா இருக்கு. ஒருத்தர் இதை அளந்து, சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்."

"அப்ப நீங்களே..."

"நான் ரிட்டயர் ஆனவ. என் கையெழுத்து இங்க செல்லாது. இந்தக் கட்டடத்துல அளந்து சான்று எழுத உரிமம் வாங்கினது ஒரே ஒரு ஆளு." மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவளோட அட்டையைத்தான் நீங்க பிடுங்கி வெச்சிருக்கீங்க. உரிமத்தையும் இன்னும் அஞ்சு நிமிஷத்துல ரத்து பண்ணப் போறீங்க."

தீர்மானத்தை யாரும் படிக்கவே இல்லை. அதற்குள் நாலு கைகள் மேலே இருந்தன. ஐந்தாவதாகத் தலைநகர் அம்மாள் கைதூக்கினார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீரே வந்துவிட்டது. புகார் தள்ளுபடி, உரிமம் செல்லும், நுழைவு அட்டை உடனே திருப்பித் தரப்படும் என்று எழுதி ஐந்து கையெழுத்தும் வாங்கினார். நான் வாசலுக்கு ஓடினேன். ரொட்டி வண்டியில்கூட அந்த வேகம் போனதில்லை.

ஸ்கைஸ்தே வந்தாள். என்ன நடந்தது என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்ததில் பாதிதான் அவள் காதில் ஏறியிருக்கும். தொப்பிகளைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. கையுறை மாட்டினாள். முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு, தையல். முயல் காதுகளை உள்ளே வெளியே திருப்பி அளந்தாள். பெரிய மனிதர்கள் நாலு பேர் பள்ளிக்கூடப் பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். பதினேழு நிமிஷம் ஆனது.

"சுத்தம்" என்று நாலு தாளில் கையெழுத்துப் போட்டாள். முயல் காதுத் தொப்பியைத் தலைவரிடம் நீட்டினாள். அவர் வாங்கப் போன நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டு, "கடுதாசி யாரு எழுதினது?" என்று கேட்டாள்.

கேள்வியை அவள் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் தொப்பியின் மறுநுனியைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டது.

"நான்தான்மா" என்றார் வில்காவுதாஸ்.

ஜெனோனாஸ் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்தது.

"செப்டம்பர்ல இடிக்கறதா இருந்துது. நீ அளக்கலைன்னு ஒரு கடுதாசி போட்டா திரும்ப அளப்பாங்க, ஒண்ணுமில்லேம்பாங்க, அதுக்குள்ள பனி வந்துரும், குளியலறை இந்தக் குளிர்காலம் தப்பிச்சிரும்னு கணக்குப் போட்டேன். அளந்தா முப்பது காட்டுது! நான் விட்ட பொய்யை அந்தச் சுவரு நெசமாக்கிருச்சு. அதுக்கப்புறம் உண்மையச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. உன் முகத்தைப் பாக்கவும் தைரியம் வரல."

"எட்டு நாள் ஐயா" என்றாள் ஸ்கைஸ்தே. "எட்டு நாளா நானே என்னை நம்பல. நெசமாவே அளந்தேனா, கனவு கண்டேனான்னு சந்தேகம் வந்துருச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைநகர் அம்மாள் சிரிப்பை எல்லாம் துடைத்துவிட்டு, அவர் சொன்னதை வார்த்தை விடாமல் எழுதினார். பிறகு அவரைத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓரத்தில் உட்காரச் சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார். ஸ்கைஸ்தே தொப்பியை அவர் மடியில் வைத்தாள்.

"சரிம்மா, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார் அம்மாள். "உன் விடுவிப்புச் சான்றிதழ் செல்லும்."

"அதைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தார். ஸ்கைஸ்தே அதை மேசையில் விரித்தாள். தன் கையெழுத்துக்கு நேர் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"என்னம்மா பண்றே!" ஓரத்திலிருந்து வில்காவுதாஸ் பதறினார். "இப்பத்தானே உன் கையெழுத்துக்கு உயிர் குடுத்தோம்!"

"அதனாலதான் ஐயா என்னால இதை அடிக்க முடியுது" என்றாள் ஸ்கைஸ்தே. "இந்தக் கட்டடத்துல நான் அளக்காத அறை ஒண்ணு இருக்கு. தரை, கூரை, பலகை எல்லாம் சேத்து எழுபது சதுரம் வரும். மண்வாயு மட்டும்தான் இருக்கா, வேற எதுவும் இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரியாதப்ப சுத்தம்னு எழுத மாட்டேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கோ விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஸ்கைஸ்தே அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் காரணம் எழுதினாள். தேதி போட்டாள், நேரம் போட்டாள், கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தைச் சந்தேகிக்க அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.